காணி துப்பரவாக்கியவருக்குக் காய்ச்சல் வந்தால்: டைபஸ் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

ஊர் திரும்பிய குடும்பம் செய்கிற முதல் வேலை வளவைத் துப்பரவாக்குவதுதான். வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே, கிணறு இறைப்பதற்கு முன்பே, கத்தியும் மண்வெட்டியும் எடுத்துப் பற்றை வெட்டத் தொடங்கி விடுகிறோம். படுவான்கரையிலும் வாகரைப் பக்கத்திலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், மனித நடமாட்டம் இல்லாமல் கிடந்த காணிகள் இவை. முற்றத்தில் நாயுண்ணிச் செடி ஆளுயரத்துக்கு நிற்கும். அடுப்படி இருந்த இடத்தில் எலி வளை தோண்டியிருக்கும்.

இப்படி வேலை செய்தவர்களில் சிலருக்கு ஒன்றரை, இரண்டு கிழமை கழித்துக் கடும் காய்ச்சல் வரலாம். அதற்குள் பற்றை வெட்டிய நாட்கள் மறந்து போயிருக்கும். "மழையில் நனைந்தது", "வெயில் பட்டது", "டெங்காக இருக்கும்" என்று நினைத்துப் பனடோல் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்து விடுவோம். அந்தக் காய்ச்சல் டைபஸாக இருந்தால் பனடோல் அதைக் குணப்படுத்தாது. ஆனால் சரியான மருந்தை நேரத்துக்கு எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். அந்த மருந்து அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆகவே இந்தப் பகுதியில் முக்கியமாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். காணி துப்பரவாக்கிய மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போங்கள். போனதும் "நான் பற்றை வெட்டினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஏன் சொல்ல வேண்டும் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

பெயரில் வரும் குழப்பம்

காய்ச்சல்களின் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிப் போவது வழமை. முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

நெருப்புக் காய்ச்சல் என்று நாம் சொல்வது டைபொயிட். அது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. டைபஸ் அதுவல்ல. பெயர் மட்டும்தான் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. நோய்க்கிருமி வேறு, பரவும் வழி வேறு, மருந்தும் வேறு.

எலிக்காய்ச்சல் எனப்படுவது எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் வேலை செய்பவர்களுக்கு வருவது. வயல் வேலை செய்பவர்கள் இதை அறிந்திருப்பார்கள். டைபஸுக்கும் எலிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் டைபஸ் எலியின் சிறுநீரால் வருவதில்லை. எலியின் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணி, தெள்ளு போன்ற சிறு உயிர்களால் வருகிறது.

டெங்கு நுளம்பால் வருவது. தொடக்கத்தில் டெங்கும் டைபஸும் ஒரே மாதிரித் தெரியும். இரண்டிலும் கடும் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு இருக்கும்.

டைபஸ் என்பது ஒரே நோயும் அல்ல. உறவான சில காய்ச்சல்களுக்குப் பொதுவான பெயர் அது. பேன் மூலம் பரவும் டைபஸ் ஒன்று உண்டு. குளிர் நாடுகளில் யுத்தங்களின்போதும் சிறைகளிலும் அகதி முகாம்களிலும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது அதுதான். பேனால் அது பரவுகிறது என்பதை 1909இல் சார்ள்ஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு வைத்தியர் துனீசியாவில் கண்டறிந்தார். அதற்காக 1928இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் நாம் கவனிக்க வேண்டியவை வேறு மூன்று: பற்றைக்காட்டுச் சிறு உண்ணியால் வருவது, எலித் தெள்ளால் வருவது, நாய், மாடு, காட்டு விலங்குகளில் இருக்கும் பெரிய உண்ணியால் வருவது. "உண்ணிக் காய்ச்சல்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் முதலாவதைத்தான்.

பற்றை, எலி, உண்ணி

முதலாவது வகையைப் பரப்பும் உண்ணி, மாட்டின் காதில் நாம் பார்க்கிற உண்ணி அல்ல. அது மிக மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கும் இராது. கண்ணுக்குத் தெரிவது அரிது. விளக்கம் இலகுவாக இருப்பதற்காக இங்கே அதைப் பற்றை உண்ணி என்று அழைப்போம்.

பற்றை உண்ணி முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் பருவத்தில் மட்டுமே கடிக்கும். அதுவும் ஒரே ஒரு தடவைதான். வளர்ந்த பின் அது மண்ணில் இருந்து பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும். குஞ்சுகள் புல் நுனியிலும் சருகிலும் கூட்டமாகக் காத்திருக்கும். அவ்வழியால் போகும் எலி, அகழான் போன்றவற்றில் ஏறி ஒட்டிக்கொள்ளும். மனிதர் போனால் மனிதர்மீதும் ஏறும். மெல்லிய தோல் உள்ள இடத்தைத் தேடிப் போய்க் கடித்துச் சில நாட்கள் அப்படியே ஒட்டியிருக்கும். கடி வலிக்காது. அதனால்தான் கடிபட்டது எவருக்கும் தெரிவதில்லை.

நோய்க்கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்கும் போகிறது. எனவே ஒரு முறை கிருமி புகுந்த இடத்தில் அது பரம்பரையாகத் தங்கி விடும். எலி அந்த உண்ணிகளுக்கு உணவாகிறது, அவற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்தும் போகிறது. ஒரே ஊரில் ஒரு வளவில் உண்ணி நிறைய இருக்கும், பக்கத்து வளவில் ஒன்றும் இராது. ஈரமும் நிழலும் எலியும் சேர்ந்த இடங்களில் சிறு தீவுகள் போல அவை பரவியிருக்கும்.

விட்டுப்போன காணியில் ஏன்?

"இந்த ஊரில் பரம்பரையாக இருந்தோம், அப்போது இல்லாத காய்ச்சல் இப்போது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பது நியாயமானது. அதற்கான பதில் காணியில்தான் இருக்கிறது.

ஆட்கள் குடியிருந்த வளவில் முற்றம் தினமும் கூட்டப்படும். வேலி ஓரம் வெட்டப்படும். வெயில் நேரடியாக நிலத்தில் படும். பற்றை உண்ணி வாழ்வதற்கு அது ஏற்ற இடமல்ல. வளர்ந்த பெருங்காட்டுக்குள்ளும் நிலத்தோடு ஒட்டிய பற்றை குறைவு. குடியிருந்த இடம் கைவிடப்பட்டு, பெருமரம் இல்லாமல் புல்லும் முள்ளுப் பற்றையும் மண்டும்போதுதான் எலிகள் பெருகும். எலிகளோடு உண்ணியும் பெருகும். மலாயாவிலும் பர்மா எல்லையிலும் இந்நோயை ஆராய்ந்த ஆடி என்ற மருத்துவ ஆய்வாளர் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். மனிதர் வெட்டி, பயிரிட்டு, பின் விட்டுப்போன நிலமே இந்த நோய்க்கு வசதியான இருப்பிடம் என்பது அவருடைய முக்கியமான கருத்து. ஜப்பானிலும் ஆற்றோரச் சமவெளிகளில் புல் வெட்டவும் பயிர் செய்யவும் போன விவசாயிகளே இந்த நோயை முதலில் அறிந்தவர்கள். கிருமியின் விஞ்ஞானப் பெயரில் இன்றும் இருக்கும் சுட்சுகமுஷி என்ற சொல் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தது.

இலங்கைக்கும் இது புதிய நோயல்ல. இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1944இல், தென்பகுதியில் எம்பிலிப்பிட்டியக் காட்டுப் பிரதேசத்தில் தங்கியிருந்த நேச நாட்டுப் படையினரிடையே இது பரவியது. அதே காலத்தில் பர்மாப் போர்முனையிலும் இரு பக்கப் படைகளையும் இந்நோய் வாட்டியது. அண்மைக் காலத்தில் வடக்கில் யுத்தம் முடிந்த பிறகு, பற்றைக்காடுகளில் முகாமிட்டிருந்த படையினரிடமும் இவ்வகைக் காய்ச்சல்கள் கண்டறியப்பட்டன. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கைகளில் டைபஸுக்கெனத் தனி நிரல் உண்டு. அதில் அதிக எண்ணிக்கையைக் காட்டும் மாவட்டங்களில் யாழ்ப்பாணம் முன்வரிசையில் நிற்கிறது. அங்கே மழையும் குளிரும் சேர்ந்த மாரி மாதங்களில், குறிப்பாக டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, நோயாளர்கள் அதிகரிப்பார்கள்.

மட்டக்களப்புக்கும் அதே வடகீழ்ப் பருவமழைதான். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் மேற்குக் கரையில் வயல்களும் குளங்களும் பற்றைக்காடுகளும் மாறி மாறி இருக்கின்றன. திரும்பி வந்த குடும்பங்கள் பெரும்போகத்துக்கு முன்பே காணியையும் வரம்பையும் துப்பரவாக்க அவசரப்படுகின்றன. அந்த வேலை முடிகிற கையோடு மாரியும் தொடங்கி விடுகிறது. இந்த இரண்டும் சேர்கிற காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

பட்டணத்திலும் வரலாம்

டைபஸ் காட்டோரத்துக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாவது வகை வீட்டு எலியின் தெள்ளால் பரவுகிறது. துறைமுகங்கள், கடைத்தெருக்கள், தானியக் களஞ்சியங்கள் உள்ள வெப்பநாட்டுப் பட்டணங்கள் எல்லாவற்றிலும் இது அறியப்பட்ட நோய். தெள்ளு கடிக்கும்போது அதன் எச்சம் தோலில் விழும். கடித்த இடத்தை நாம் சொறியும்போது அந்த எச்சம் கீறலுக்குள் போகும். கிருமி உடம்புக்குள் நுழைவது அப்படித்தான்.

புளியந்தீவிலோ கல்லடியிலோ உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களும், தற்காலிகக் கொட்டில்களில் நெருக்கமாக வாழ்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். உலர் உணவாகக் கிடைக்கும் அரிசி, மா, பருப்பு, விதை நெல் எல்லாம் ஒரே அறையில் சாக்கோடு கிடந்தால் எலி தேடி வரும். எலியோடு தெள்ளும் வரும். இந்த வகைக் காய்ச்சல் பொதுவாகக் கடுமை குறைந்தது. என்றாலும் வயதானவர்களையும் வேறு நோய் உள்ளவர்களையும் அது மோசமாகப் பாதிக்கலாம்.

அறிகுறிகள்

பற்றை உண்ணி கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் 10 நாட்களையொட்டி, காய்ச்சல் தொடங்கும். இவைதான் வழமையான அறிகுறிகள்:

- விட்டு விடாத கடும் காய்ச்சல், குளிர், நடுக்கம்
- கடுமையான தலையிடி, கண் சிவத்தல்
- உடம்பு உளைவு, கை கால் ஓய்ந்து போதல்
- கழுத்து, கக்கம், தொடைச் சந்து ஆகிய இடங்களில் நெறி கட்டுதல்
- வறட்டு இருமல்
- சிலருக்கு வயிற்று நோ, சத்தி
- சிலருக்கு உடம்பில் சிவந்த தழும்பு. கறுத்த தோலில் இது எளிதில் தெரியாது

இவை அனேகமான காய்ச்சல்களிலும் இருப்பவைதான். ஆனால் பற்றை உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. உண்ணி கடித்த இடத்தில் ஒரு சிறு கறுப்புப் பொருக்கு உண்டாகும். சுருட்டு நெருப்புப் பட்டு ஆறின புண் போல, நடுவில் கறுப்பாகவும் சுற்றிச் சிவப்பாகவும் இருக்கும். வலிக்காது, சொறியாது. அதனால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. தேடித்தான் பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது? உடுப்பு இறுக்கும் இடங்களிலும் மடிப்பு விழும் இடங்களிலும் தேடுங்கள். கக்கம், தொடைச் சந்து, சாரமோ பாவாடையோ கட்டும் இடுப்பு, முழங்காலின் பின்பக்கம், மார்பின் கீழ், தொப்புள், காதின் பின்புறம், கழுத்து, தலைமயிருக்குள் எல்லாம் பாருங்கள். பிள்ளைகளை முழுதாக உடுப்புக் கழற்றிப் பாருங்கள். பெண்கள் வெட்கப்பட்டு இதை மறைத்து விட வேண்டாம். வீட்டில் இன்னொரு பெண்ணிடம் பார்க்கச் சொல்லலாம். உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமும் காட்டலாம்.

பொருக்கு இருந்தால் அது பெரிய துப்பு. இல்லாவிட்டால் டைபஸ் இல்லை என்று நினைக்கக் கூடாது. பலருக்கு அது உண்டாவதே இல்லை. தெள்ளால் வரும் வகையில் இந்தப் பொருக்கு இராது.

எப்போது உடனே போக வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்றேனும் இருந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்:

- மூச்சு வாங்குதல், மூச்சு விடச் சிரமம்
- குழம்பிப் பேசுதல், ஆளை மட்டுக்கட்டாமை, அளவு மீறிய தூக்கம், வலிப்பு
- திடீரென்று காது கேளாமல் போதல்
- சிறுநீர் நன்றாகக் குறைதல், கண் மஞ்சளாதல்
- ஓயாத சத்தி, பிள்ளை பால் குடிக்காமை
- எங்கிருந்தேனும் இரத்தம் கசிதல்

சிகிச்சை இல்லாமல் நாட்கள் போகப் போக டைபஸ் நுரையீரல், மூளை, சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் பாதிக்கலாம். உயிரிழப்பும் ஏற்படலாம். பெரும்பாலும் தாமதம்தான் ஆபத்தாகிறது.

வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும்?

டைபஸைக் கண்டறிவதற்கான சிறப்பு இரத்தப் பரிசோதனை எல்லா வைத்தியசாலைகளிலும் செய்யப்படுவதில்லை. கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வுகூடங்களுக்கு இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கும். முடிவு வரும்வரை நோய் காத்திராது. எனவே நோயாளியின் உடம்பைப் பார்த்தும், அவர் சொல்வதைக் கேட்டும்தான் வைத்தியர் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் தகவல் அங்கே ஒரு பரிசோதனைக்குச் சமம்.

வெளிநோயாளர் பிரிவில் நேரம் குறைவு, வரிசை நீளம். பயமும் இருக்கும். ஆகவே இந்த ஐந்தையும் முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போங்கள்:

1. காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள்.
2. கடந்த மூன்று கிழமைக்குள் பற்றை வெட்டினீர்களா, வயல் வாடியில் படுத்தீர்களா, விறகுக்கோ தேனுக்கோ மாடு தேடியோ காட்டுக்குப் போனீர்களா.
3. உடம்பில் கறுப்புப் பொருக்கு ஏதும் உண்டா.
4. வீட்டிலோ அயலிலோ வேறு எவருக்கும் காய்ச்சல் உண்டா.
5. இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள். கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா, மருந்து ஒவ்வாமை உண்டா.

"நான் புதிதாக ஊர் திரும்பியவன், காணி வெட்டினேன்" என்ற இரண்டு சொல் போதும். வைத்தியர் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

வாகரை, வாழைச்சேனை, செங்கலடி, மகிழடித்தீவு, களுவாஞ்சிக்குடி ஆகிய இடங்களிலுள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் உங்களுக்குக் கிட்டியதற்கு முதலில் போங்கள். நோய் கடுமையாக இருந்தால் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அங்கே போகும்போது முதல் வைத்தியசாலையில் தந்த துண்டையும் குடித்த மருந்துகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

மருந்து

டைபஸுக்கு நல்ல மருந்து உண்டு. 1948இல் மலாயாவில், குளோரம்பெனிக்கோல் என்ற மருந்து பற்றை உண்ணிக் காய்ச்சலைக் குணமாக்குவதை ஸ்மேடல் என்ற அமெரிக்க வைத்தியரின் குழு நிரூபித்தது. அதுவரை நல்ல பராமரிப்பைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று வழமையாகக் கொடுக்கப்படுவது டொக்சிசைக்கிளின். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் போன்ற வேறு மருந்தை வைத்தியர் தெரிவுசெய்வார்.

காய்ச்சலுக்கென்று பார்மசியில் வழமையாக வாங்கும் அமொக்சிசிலின் போன்ற மருந்துகள் டைபஸ் கிருமியைக் கொல்லாது. அதைக் குடித்துக்கொண்டு நான்கைந்து நாள் இருந்து விட்டால் இழப்பது அந்த நாட்களைத்தான்.

வைத்தியர் தந்த நாட்கள் முழுவதும் மருந்து குடியுங்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், உடம்பு இலேசாகிவிடும். அப்போது நிறுத்தி விட்டு வேலைக்குப் போக மனம் சொல்லும். நிறுத்த வேண்டாம். டொக்சிசைக்கிளினைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு கிண்ணம் தண்ணீரோடு, நிமிர்ந்து இருந்து குடியுங்கள். குடித்தவுடன் படுக்க வேண்டாம். மிஞ்சிய குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் குறையாவிட்டால் திரும்பவும் வைத்தியரிடம் போங்கள். அது வேறு காய்ச்சலாக இருக்கலாம்.

டெங்கா டைபஸா என்று தெரியாத நிலையில் அஸ்பிரின், இபுபுறோபன் போன்ற வலி மருந்துகளை எடுக்கவே வேண்டாம். டெங்காக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

காணி துப்பரவாக்கும்போது

பற்றை வெட்டாமல் ஊர் திரும்ப முடியாது. ஆகவே வெட்டுவதைக் கவனமாகச் செய்வோம்.

எல்லாவற்றுக்கும் முன், உங்கள் காணி கண்ணிவெடி அபாயம் நீக்கப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம சேவையாளரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்துங்கள். உறுதியில்லாத இடத்தில் கத்தி வைக்க வேண்டாம், நெருப்பும் வைக்க வேண்டாம். பற்றையைக் கொளுத்தினால் உண்ணி சாகும் என்று சிலர் சொல்வார்கள். வெடிக்காத குண்டு மறைந்திருந்தால் நெருப்பு அதையும் வெடிக்க வைக்கும்.

பின்னர் வேலைக்கு இறங்கும்போது:

- நீளக் காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும் போடுங்கள். காற்சட்டைக் காலை மேசுக்குள் செருகுங்கள். றப்பர் சப்பாத்து இருந்தால் நல்லது. பாம்புக்கும் அது பாதுகாப்பு. சாரமும் செருப்பும் பற்றை வெட்டப் பொருந்தாது.
- டீட் கலந்த நுளம்பு விரட்டும் களிம்பு கிடைத்தால் கணுக்கால், மணிக்கட்டு, கழுத்து ஆகிய இடங்களில் பூசுங்கள்.
- களைப்பாறும்போது புல்லிலோ சருகிலோ இருக்கவும் படுக்கவும் வேண்டாம். பாயோ தறப்பாளோ விரித்து இருங்கள். கழற்றிய சட்டையைப் பற்றைமீது போடாமல் கயிற்றில் தொங்க விடுங்கள்.
- தாய்மார் வேலை செய்யும்போது குழந்தையைப் பற்றை நிழலில் வளர்த்த வேண்டாம். வெட்டி வெளித்த இடத்தில் ஏணை கட்டலாம்.
- வீட்டுக்குக் கிட்டிய இடத்திலிருந்து வெளிப்புறமாக வெட்டிக்கொண்டு போங்கள். வெட்டிய குவியலை வீட்டுச் சுவரோடு சேர்த்துக் குவிக்க வேண்டாம். எலி குடிகொள்ள அதைவிட வசதியான இடம் வேறில்லை.
- வேலை முடிந்ததும் தாமதிக்காமல் சவர்க்காரம் போட்டு உடம்பை நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். இன்னும் கடிக்காத உண்ணிகள் அதோடு போய்விடும். அந்த உடுப்போடு படுக்கைக்குப் போக வேண்டாம். உடுப்பைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காய விடுங்கள்.

வீட்டிலும் கொட்டிலிலும்

அரிசி, மா, விதை நெல் ஆகியவற்றை மூடியுள்ள தகரப் பீப்பாவிலோ வாளியிலோ வையுங்கள். சாக்கு என்றால் நிலத்திலிருந்து உயர்த்திப் பரணில் வையுங்கள். இரவில் சோற்றுப் பானையையும் மீன் கழிவையும் திறந்து விட வேண்டாம். குப்பையை வளவின் ஓரத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். வீட்டைச் சுற்றிச் சில அடி தூரம் புல் இல்லாமல் வெளியாக வைத்திருங்கள்.

எலியை நஞ்சு வைத்துக் கொல்வதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள். தெள்ளு நிறைந்த வீட்டில் எலி மட்டும் செத்தால், தெள்ளு அடுத்ததாக மனிதரைத் தேடி வரும். முதலில் தெள்ளை ஒழித்துப் பிறகு எலியை ஒழிப்பதே முறை. செத்த எலியை வெறுங்கையால் தூக்க வேண்டாம். பையால் கையை மூடி எடுத்துப் புதையுங்கள்.

நாய், ஆடு, மாடுகளில் பெரிய உண்ணி இருந்தால் கால்நடை வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். உங்கள் உடம்பில் உண்ணி கடித்திருந்தால் நகத்தால் நசுக்கவோ, நெருப்பால் சுடவோ, மண்ணெண்ணெய் ஊற்றவோ வேண்டாம். சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மக்கள் கேட்கும் சில கேள்விகள்

இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுமா?
இங்கே சொன்ன மூன்று வகையும் நோயாளியைத் தொடுவதாலோ, அருகில் இருப்பதாலோ, ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ தொற்றாது. ஒரே வீட்டில் இருவருக்கு வந்தால், இருவரும் ஒரே பற்றையை வெட்டியிருக்கலாம், அல்லது ஒரே எலியோடு குடியிருக்கலாம்.

முகாமிலிருந்து வந்தவர்கள் கொண்டு வந்த நோயா?
இல்லை. கிருமி காணியில் இருக்கிறது. திரும்பி வந்த குடும்பத்தை ஒதுக்குவதும், அவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தள்ளி இருக்கச் சொல்வதும் அநியாயம். அப்படி நடந்தால் காய்ச்சல் வந்தவர்கள் அதை மறைப்பார்கள். மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

ஒரு முறை வந்தால் திரும்ப வருமா?
வரலாம். பற்றை உண்ணிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இல்லை. பாதுகாப்பாக வேலை செய்வதை விட வேண்டாம்.

வேப்பிலை, கசாயம் குடிக்கலாமா?
உடம்புக்கு இதமாக இருந்தால் கசாயம், கஞ்சி, இளநீர் குடிக்கலாம். அவற்றைக் குடித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போவதைப் பிந்தவைக்க வேண்டாம்.

சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டுமா?
டைபஸ் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. வைத்தியசாலையிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தகவல் போகும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வீட்டுக்கு வரலாம். அவர் தண்டம் போட வருபவரல்ல. எந்த வளவில் தொற்றியது என்று அறிந்தால்தான் அயலவர்களை எச்சரிக்க முடியும். அவருக்கு இடத்தைக் காட்டுங்கள்.

சிரமதானமாகக் காணி துப்பரவாக்கும் ஊர்களில் இன்னொரு வேலையும் செய்யலாம். இன்ன திகதியில் இன்ன வளவு வெட்டினோம், இன்னார் வந்தார்கள் என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த மூன்று கிழமைக்கு அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் வீட்டில் எவருக்கும் காய்ச்சலா என்று ஒருவர் போய் விசாரிக்கட்டும். தனியாக இருக்கும் முதியவருக்கும், பிள்ளைகளோடு தனித்து வாழும் தாய்க்கும் அந்த விசாரிப்பு மிகவும் உதவும். காய்ச்சல் இருந்தால் அதே கொப்பியைப் பார்த்து, வேலை செய்த திகதியை ஒரு துண்டில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.